நெல்லையப்பன் போட்ட எடை

திரையில் முதல் புள்ளி விழுந்த நேரத்தில் வல்லி, காலையில் மாத்திரை போட்டோமா இல்லையா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள். போடவில்லை. போடவில்லை என்று நன்றாகவே தெரியும். ஆனாலும் போட்டிருப்போமோ என்று மனசு ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது, ஏனென்றால் அவள் கிளம்பும்போது நெல்லையப்பன் வாசலில் பனியை வாரிக்கொண்டே மாத்திரை போட்டாச்சா என்று கேட்டான், இவளும் காரின் கதவைத் திறந்துகொண்டே போட்டாச்சு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கல்யாணமான புதிதில் தொண்டைச் சுரப்பி மந்தம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து இந்த ஒரு பொய் மட்டும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மற்றபடி நல்ல பெண்தான், யாரிடமும் கேட்டுப் பார்க்கலாம். இந்த ஆய்வுக்கூடத்தில் அவளைவிட நாணயமாக எண்களைக் கையாளுகிறவர்கள் கிடையாது. ஒரு புள்ளி சந்தேகமாக இருந்தால் ஒரு வாரத்து வேலையைத் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். புருஷன் வெறும் வயிற்றில் போடு என்று எடுத்து வைக்கிற மாத்திரை விஷயத்தில் மட்டும் அந்த நாணயம் எங்கே ஓடி ஒளிந்துகொள்ளும் என்று அவளுக்கே புரிந்ததில்லை. இரண்டாவது புள்ளி விழுந்தது. இத்தனைக்கும் அந்த மாத்திரைக்குள் இருப்பது அயோடின், இப்போது பக்கத்து அறையில் ஆளுயரக் காந்தத்துக்குள் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருக்கிற அணுக்கருவோ அந்த அயோடினுக்கு ஒருவகையில் பெரியப்பா முறை. சும்மா சொல்லக்கூடாது, இந்த உறவுமுறையை முதலில் எடுத்துச் சொன்னவனும் அவன்தான். டாக்டர் வீட்டிலிருந்து வந்து அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சவத்த விடுட்டி, ஒனக்கு என்ன கொறைங்கே, ஒரு நட்சத்திரம் தினமும் ஒன் தொண்டையை நனைக்கணும், அவ்வளவுதான என்றான். மூன்றாவது புள்ளி.

தரைக்கு அடியில் இருந்தது அந்த அறை. ஜன்னல் கிடையாது. வெளியே பைன் மரங்களும் பனியும் இருக்கின்றன என்பதை ஞாபகத்தில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பம்புகளின் உறுமல் எந்நேரமும் காதில் இருக்கும், பிறகு அது காதில் இருப்பதே மறந்துபோகும். அவளுடன் அந்த மத்தியான ஷிஃப்டில் இருந்தவர் மார்க்குஸ் ஒருவர்தான். அந்த ஊர்க்காரர், ஆறடிக்கு மேல் ஆள், புள்ளிகள் விழுகிற வரைக்கும் கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருப்பார், ஒரு ஷிஃப்டுக்கு ஒரு குதிகால் ஆகும். வேலை என்னவோ கேட்கச் சுலபம்தான். துகள்களை விரட்டிவிடுகிற முடுக்கியிலிருந்து பீம் என்கிற கற்றை வந்து ஒரு தகட்டில் மோத, அதில் உடைந்து பிறக்கிற ஆயிரம் வகைக் குப்பையிலிருந்து இண்டியம் என்கிற உலோகத்தின் ஒரே ஒரு வகையை மட்டும் பொறுக்கியெடுத்து, ஒவ்வொன்றாகக் காந்தத்துக்குள் பிடித்துப் போட்டுச் சுற்ற விடுவது. அரை நொடிகூட உயிர் தாங்காத ஜீவன்கள். அதற்குள் எடை பார்த்துவிட வேண்டும். தராசு என்பதே அந்தச் சுற்றுதான். லேசாக இருப்பது வேகமாகச் சுற்றும், கனமாக இருப்பது பின்தங்கும். கொஞ்ச நேரம் சுற்ற விட்டு வெளியே உதறினால் கண்டறியும் தகட்டில் போய் ஒரு புள்ளியாக விழும். எங்கே விழுந்தது என்பதை வைத்து எத்தனை தூரம் சுற்றியது, அதை வைத்து எத்தனை எடை. நல்ல நாளில் சில நிமிஷத்துக்கு ஒரு புள்ளி. மோசமான நாளில் மார்க்குஸுக்கு இரண்டு குதிகாலும் முடிந்துவிடும். இதையெல்லாம் மன்னார்குடியிலிருந்து போன் பண்ணுகிற அம்மாவிடம் ஒருமுறை விளக்கப் பார்த்தாள். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எடை போட்டு யாருக்குடி விக்கப் போற என்றாள். நியாயமான கேள்விதான். இரண்டு செத்த நட்சத்திரங்கள் மோதிக்கொள்கிற இடத்தில் நியூட்ரான்கள் வெள்ளமாய்ப் பாயும், அங்கே மாட்டிக்கொண்ட அணுக்கருக்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கிக்கொண்டே போகும், எது எந்த இடத்தில் வயிறு நிறைந்து போதும் என்று நிற்கிறதோ அந்த இடத்தில்தான் கூட்டம் தேங்கும், தேங்கிய கூட்டம்தான் பின்னால் ஆறி அடங்கி அயோடினாகவும் மற்றதாகவும் ஆகும், எது எங்கே நிற்கும் என்பதை எடைதான் சொல்லும், என்று அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். உப்புக்கும்மா, நம்ம உப்புல போடறாங்களே அதுக்குத்தான் என்று மட்டும் சொன்னாள். அதை அம்மா ஏற்றுக்கொண்டாள்.

புள்ளிகள் சேர ஆரம்பித்தன. தோசைக்கல் காய்ந்ததா என்று பார்க்கத் தெளித்த தண்ணீர் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தவை மெல்ல ஒரே இடத்தில் கூடின, கூடிய இடத்தைப் பார்த்ததும் வல்லி நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். திரையில் ஒரு சிவப்புக் குறி உண்டு. இந்த அணுக்கருவின் எடை இன்னது என்று உலகத்து அட்டவணையில் இதுவரை இருக்கிற எண் சரியென்றால் புள்ளிகள் இங்கே விழவேண்டும் என்று காட்டுகிற குறி. புள்ளிகள் அதன் தலையிலேயே விழுந்துகொண்டிருந்தன. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அவளும் ஒரு கணம் சந்தோஷப்பட்டுவிட்டு, உடனே அந்தச் சந்தோஷத்தைத் தலையில் தட்டி உட்கார வைத்தாள். ஏனென்றால் இந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முன்கூட்டி ஒரு விடையை மனசில் வைத்துக்கொண்டு அளந்தால் கை தன்னையறியாமல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்பதால், அளவு ஆரம்பிப்பதற்கு முன் வெளியாள் ஒருவர் வந்து, யாரும் பார்க்காமல், கணினியில் ஒரு எண்ணை அடித்துவிட்டுப் போவார். அந்த எண் இந்த அணுக்கருவின் எல்லா அளவுகளிலும் ரகசியமாகக் கூடியிருக்கும். திரையில் பார்ப்பது உண்மையான இடம் அல்ல, உண்மைக்கு எவ்வளவோ தள்ளி. எவ்வளவு என்பது அந்த ஆளுக்கு மட்டுமே தெரியும். எல்லாச் சரிபார்ப்பும் முடிந்து, இனிமேல் எதையும் தொடமாட்டோம் என்று ஷிஃப்டில் இருக்கிறவர்கள் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அவரைக் கூப்பிட்டு எண்ணைக் கேட்கலாம். ஆகவே புள்ளிகள் குறியின் மேல் விழுவதற்கு இப்போதைக்கு ஒரு அர்த்தமும் இல்லை. வழக்கமாக அந்த எண்ணை அடிப்பது நூலகத்து அம்மாள். அவர் தன் மகளுடைய பிரசவத்துக்குப் போய்விட்டதால் இந்த முறை யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு வந்தது. வெளியாளாகவும் இருக்கவேண்டும், வாய்க்குப் பூட்டுப் போடத் தெரிந்தவராகவும் இருக்கவேண்டும் என்று யோசித்து, குழுவின் தலைவர்தான் சொன்னார், வல்லியின் கணவர் இருக்கிறாரே, பள்ளிக்கூட வாத்தியார், அருமையாக இட்லி செய்வாரே, அவர் என்று. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். வல்லிக்கு வாய்வரை வந்தது, அந்தச் சிவப்புக் குறியே அவருடையதுதான் என்று. வந்தது, அப்படியே நின்றுவிட்டது.

அதுதான் விஷயம், அதைத்தான் அவள் அந்த மத்தியானம் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். அந்தக் குறி நெல்லையப்பனுடையது. அட்டவணையில் வருடத்தையும் பெயரின் முதலிரண்டு எழுத்தையும்தான் போடுவார்கள், அதை வைத்து யாருக்கு என்ன தெரியும். அவனை அறிந்த அந்தக் காலத்து ஆட்கள் ஒருவரும் இப்போது இந்தக் குழுவில் இல்லை. அவன் இதே ஊருக்கு அவளுக்கு முன்னால் வந்தவன். இதே கட்டிடத்தில், இப்போது காப்பி மெஷின் நிற்கிற மூலையில் அப்போது இருந்த பழைய சின்னக் காந்தத்தோடு ஒரு குளிர்காலம் முழுக்க மல்லுக்கட்டி, கையில் எண்ணிவிடக்கூடிய சில அணுக்களைப் பிடித்து இந்த எடையைப் போட்டான். அவன் ஆராய்ச்சிப் பட்டமே அதுதான். அதன் பிறகு இங்கே ஒரே ஒரு வேலை காலியானது, விண்ணப்பம் போட்டது இரண்டு பேரும். இரண்டு பேரையுமே கூப்பிட்டார்கள். நேர்காணலுக்கு முந்தின நாள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே, நான் போகல வல்லி, நீ போ என்றான். சண்டை போட்டாள், அழுதாள், நீ என்ன பெரிய தியாகியா என்றுகூடக் கேட்டுவிட்டாள். தியாகமெல்லாம் ஒரு மண்ணும் இல்ல, ஒனக்கு என்னைவிட நல்லா வருது, எனக்கு அதைப் பாத்துக்கிட்டிருக்கது பிடிச்சிருக்கு என்றான். அந்தப் பதிலில் ஒரு நூல்கூட நடிப்பு இல்லை என்பதுதான் அவளை இன்றுவரை தூங்கவிடாமல் செய்வது. அப்புறம் அந்த ஊர்ப் பாஷையைப் பாளையங்கோட்டை இழுவையோடு கற்றுக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுக்கப் போனான். பிள்ளைகளுக்கு அவனென்றால் உயிர். அவனும் குறையொன்றும் சொன்னதில்லை. ஆனால் அந்த ஒரு எண் மட்டும், உலகத்தில் யார் நட்சத்திரக் கணக்குப் போட்டாலும் அதைத்தானே எடுத்துப் போடவேண்டியிருக்கிறது என்கிற அந்த ஒன்று மட்டும், அவனுக்கு இருந்தது. எப்போதாவது சாப்பிடும்போது, ஜப்பான்ல ஒருத்தன் என் நம்பரைப் போட்டு எழுதியிருக்கான் பாத்தியா என்பான், சாதாரணமாக, ரசம் ஊற்றச் சொல்கிற குரலில். இப்போது அந்த எண்ணைத்தான் அவள் எடை போடுகிறாள். அதுவும் எதற்காக? கணக்குப் போடுகிற ஆட்கள் எல்லோரும் ஒரே இடத்தில் வந்து இடறுகிறார்கள், இந்த எடை சரியென்றால் உலகத்தில் இத்தனை அயோடின் இருக்கவே கூடாது, யாராவது இதைத் திரும்பப் போட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்ததால். பீம் கேட்டு அவள் எழுதிய விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்தவனும் அவனே. பழைய அளவில் பிழை இருக்கக்கூடும் என்று அவள் பயந்து பயந்து எழுதியிருந்த வரியில், கூடும் என்பதை அடித்துவிட்டு, இருக்க வாய்ப்பு அதிகம் என்று போட்டுக் கொடுத்தான். பாவி மனுஷன்.

மார்க்குஸ்தான் முதலில் பார்த்தார். ஊசியை நிறுத்திவிட்டு, விரலை நீட்டி, இது என்ன என்றார். பெரிய கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி, சுற்றுகிற திசையில் முந்திக்கொண்டு, ஒரு சின்னக் கூட்டம். கல்யாண வீட்டில் எல்லோரும் பந்திக்கு உள்ளே போன பிறகு கூச்சப்பட்டுக்கொண்டு ஓரமாக நிற்கிற தூரத்துச் சொந்தம் மாதிரி, சில புள்ளிகள். வல்லி அதை ஏற்கனவே பார்த்திருந்தாள். பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள் என்பதை இப்போது தனக்குள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. முந்துகிறது என்றால் லேசானது. ஒரே அணுக்கரு இரண்டு எடையில் இருக்க முடியும், பிறந்த வேகத்தின் கொதிப்பு அடங்காமல், இறங்க வேண்டிய படிக்கு இறங்காமல், மேல்படியிலேயே உட்கார்ந்திருக்கிற ஒன்று கொஞ்சம் கூடுதல் எடை காட்டும், ஆற்றலுக்கும் எடை உண்டே. அப்படியானால் கீழ்ப்படியில் இறங்கி நிற்கிற அசல், லேசான அந்தச் சின்னக் கூட்டம்தான். பழைய காந்தத்தில் இரண்டையும் பிரித்துப் பார்க்கிற கூர்மை கிடையாது. நெல்லையப்பா, நீ அன்றைக்கு எதை எடை போட்டாய்? சின்னக் கூட்டத்தையா, அப்படியென்றால் தப்பித்தாய். பெரிய கூட்டத்தையா, அப்படியென்றால் எண் சரி, பெயர் தப்பு, அணு அசலாய் இருக்கவில்லை. இரண்டுமே இல்லாமல், இரண்டும் கலந்து மங்கலாய் விழுந்ததன் நடுவில் ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டாயா? அந்த மூன்றாவது சாத்தியம்தான் இருப்பதிலேயே மோசம். தப்பான எண்ணுக்காவது ஒரு சொந்தக்காரன் உண்டு, நடுவில் விழுந்த எண்ணுக்கு யாரும் கிடையாது, அது எந்த அணுவின் எடையும் அல்ல, அட்டவணையிலிருந்து துடைத்து எறிந்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு குளிர்காலம். அந்தக் குளிர்காலத்தில்தான் அவன் அவளுக்கு முதன்முதலாகச் சொதி வைத்துக் கொடுத்தான், தேங்காய்ப்பால் டின்னிலிருந்து, முருங்கைக்காய் ஐஸ் பெட்டியிலிருந்து, மன்னார்குடிக்காரிக்கு இதெல்லாம் எங்க தெரியும் என்று கேலி பண்ணிக்கொண்டே. அன்றைக்கு அவன் விரல்களெல்லாம் திரவ நைட்ரஜன் பட்டு வெடித்திருந்தன. அந்த விரல்களால் இடியாப்பம் பிழிந்தான். அதெல்லாம் எந்த அட்டவணையில் இருக்கிறது.

அழுக்காக இருக்கலாமே, என்றாள் வல்லி மார்க்குஸிடம். பொறுக்குகிறபோது தவறி உள்ளே வந்த வேறு ஏதோ ஒன்று, சாகாத ஏதோ ஒரு மூலக்கூறு, அப்படி வருவது உண்டுதானே. சொல்லும்போதே தன் குரலில் இருந்த கெஞ்சல் அவளுக்குக் கேட்டது. மார்க்குஸுக்குக் கேட்டதோ என்னவோ, அவர் தலையை மட்டும் ஆட்டினார், பார்த்துவிடலாம் என்றார். பார்ப்பதற்கு ஒரே வழிதான், எடை போடுவதற்கு முன் கொஞ்சம் கூடுதலாகக் காக்க வைப்பது. அழுக்கென்றால் எத்தனை நேரம் வைத்தாலும் அப்படியே இருக்கும். உயிர் தாங்காத ஜாதியென்றால் காக்க வைக்க வைக்கக் குறையும். வல்லி காத்திருப்பைக் கூட்டினாள். புள்ளிகள் விழுகிற இடைவெளி நீண்டது. இதுமாதிரி நேரத்தில் சாமி கும்பிடத் தோன்றும், ஆனால் என்னவென்று கும்பிடுவது? கடவுளே இது குப்பையாக இருக்கட்டும் என்றா? அப்படி இருந்துவிட்டால் அவன் எண் பிழைக்கும், நட்சத்திரக் கணக்கு இன்னும் பத்து வருஷத்துக்கு இடறிக்கொண்டே கிடக்கும், அவளும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவாள். அதற்கென்ன, போனால் போகிறது. ஆசைப்படுவது அதற்குத்தானா என்று அவள் தன்னையே ஒரு முறை பார்த்தாள். ஆமாம், அதற்குத்தான். இதைப் போய் எந்த ஆய்வுக்கூடத்தில் சொல்வது. ஒருத்தி நட்சத்திரத்தைவிடப் புருஷனின் முகத்தைப் பெரிதாக நினைக்கிறாள் என்றால் இங்கே சிரிப்பார்கள், அங்கே மன்னார்குடியில் அதில் என்ன அதிசயம் என்பார்கள். அவனோ இரண்டும் இல்லாமல், ஏட்டி கிறுக்கி, எடையைச் சரியாப் போடு என்பான். அவன் அப்படித்தான் சொல்வான் என்பதில் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் சொன்ன பிறகு என்ன செய்வான் என்பதில்தான். ஒன்றும் செய்யமாட்டான். பாத்திரம் தேய்ப்பான். இனிமேல் சாப்பிடும்போது ஜப்பான் என்கிற பேச்சை எடுக்கமாட்டான். அந்த எடுக்காத பேச்சு தினமும் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும், அதோடு எத்தனை வருஷம் சாப்பிடுவது.

குறைந்தது. இரண்டு கூட்டமுமே குறைந்தன, ஒவ்வொன்றும் அதனதன் கணக்கில். அழுக்கு இல்லை. சின்னக் கூட்டமும் அசல் ஜாதிதான், அசலுக்கும் அசல். மார்க்குஸ் மெல்ல விசிலடித்தார், பின்னலைப் பையில் வைத்தார், அவர் பின்னலைப் பையில் வைத்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். பிறகு எல்லாவற்றையும் முறைப்படி ஒருதடவை பார்த்தார்கள். வெப்பம், மின்னழுத்தம், எடை தெரிந்த பழைய அணு ஒன்றைச் சுற்றவிட்டு அது சரியாக விழுகிறதா என்பது. எல்லாம் சரியாக இருந்தது, எங்கேயாவது ஏதாவது தப்பாக இருந்து தொலையக்கூடாதா என்று அவள் தேடத் தேடச் சரியாக இருந்தது. சாயங்காலம் ஆகியும் மத்தியானச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே மேஜையில் கிடந்தது. கடைசியில் மார்க்குஸ் நாற்காலியை அவள் பக்கம் திருப்பி, சொல்லிவிடலாமா என்றார். கைகளை மேஜையை விட்டு எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், அதுவும் வழக்கம். அவளும் வைத்துக்கொண்டாள். இனிமேல் எதையும் தொடமாட்டோம், என்று இருவரும் சொன்னார்கள். அப்புறம் மார்க்குஸ் போனை எடுத்து அவளிடம் நீட்டினார், உங்கள் ஆள்தானே, நீங்களே பேசுங்கள் என்று. அவருக்கு என்ன தெரியும், அவரைப் பொறுத்தவரை அந்தப் பக்கம் இருப்பது இட்லி. ஒரு மனுஷனின் எண்ணை அவன் வாயாலேயே வெட்டச் சொல்லி, கத்தியையும் அவன் பெண்டாட்டி கையில் கொடுத்து அனுப்புகிற மாதிரி அவளுக்கு இருந்தது. அன்றைக்கே சொல்லியிருக்கலாம், இவர் வேண்டாம், வேறு யாரையாவது பாருங்கள் என்று. சொல்லாததற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவன் இந்தக் கட்டிடத்துக்குள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவான் என்று ஆசைப்பட்டாள். வந்தான். காப்பி மெஷின் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்று அந்தத் தரையைப் பார்த்தான். பிறகு போய் எண்ணை அடித்துவிட்டு, பள்ளிக்கூட மணி அடிக்கும் முன் ஓடிவிட்டான்.

முதல் மணியிலேயே எடுத்தான். பின்னால் கரண்டிச் சத்தம் கேட்டது. முடிச்சாச்சா என்றான். ம் என்றாள். அந்தப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது.

"எத்தனை கூட்டம் வல்லி?"

எண் என்ன என்று இவள்தான் கேட்கவேண்டும், அவன் கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அவன் எப்படிப் போனது என்றுகூடக் கேட்கவில்லை, நேராக அதையே கேட்டான். அவள், ரெண்டு என்றாள். பெருசு எங்க நிக்கி என்றான். குறி மேலேயே என்றாள். சின்னது? முந்தி நிக்கிது. அழுக்கான்னு பாத்தியா? பாத்துட்டோம், இல்ல. போனுக்குள் தேங்காய்ப்பால் கொதிக்கப் போகிற அந்த மெல்லிய முணுமுணுப்பு கேட்டது, கொதிக்கவிட்டால் திரிந்துபோகும், அடுப்பைக் குறைத்துவிட்டான் போல, அதுவும் அடங்கியது.

"எண்ணைச் சொல்லேன்ப்பா" என்றாள்.

"சைபர்."

அவளுக்குப் புரியவில்லை. என்னது என்றாள். "சைபர்தாம்ட்டி. ஒண்ணும் கூட்டவுமில்ல, கழிக்கவுமில்ல. ஏதாவது ஒரு நம்பர் அடின்னாங்க, அதுவும் நம்பர்தான. ஒங்கிட்ட ஒண்ண மறைச்சு வச்சிக்கிட்டு ஒன் எதுக்க ஒக்காந்து சோறு திங்க எனக்கு வரல."

வல்லி திரையைப் பார்த்தாள். மத்தியானம் முழுக்க, உண்மை அல்ல, உண்மை அல்ல என்று அவள் தன்னை அதட்டி உட்கார வைத்துக்கொண்டிருந்தது அத்தனையும் உண்மையாக, முதல் புள்ளியிலிருந்தே அப்படியே அங்கே இருந்தது. பெரிய கூட்டம் சிவப்புக் குறியின் மேல், நடுமத்தியில், ஒரு மயிரிழை விலகாமல். நடுவில் விழவில்லை. மங்கவில்லை. மூலையில் கிடந்த பழைய சின்னக் காந்தத்தை வைத்துக்கொண்டு, வெடித்த விரல்களோடு, விரல்விட்டு எண்ணக்கூடிய அணுக்களை வைத்து அவன் போட்ட எடை, இத்தனை கூர்மையான புது இயந்திரம் போட்ட எடையோடு கடைசி இலக்கம் வரை அப்படியே நின்றது. மேல்படியில் உட்கார்ந்திருந்த அந்தப் பிடிவாதக்காரனின் எடை அது, அதை உலகத்தில் வேறு யாரும் இதுவரை போட்டதே இல்லை. அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. நீ சரியாத்தான் போட்டிருக்க, ஒரு புள்ளி தப்பில்ல, என்று கத்துகிற மாதிரி சொன்னாள். ஆமா என்றான் அவன், குரல் கொஞ்சம் கம்மியிருந்தது, ஆளுதான் மாறிப்போச்சு, என்ன செய்ய, பட்டியல்ல ஒரு வரி கீழ தள்ளி ஒக்காந்துக்கிடுதேன், எடம் இருக்கும்லா. பிறகு, அந்தச் சின்னது பாவம், அன்னைக்கும் ஓரமா நின்னிருக்கும், எனக்குத்தான் கண்ணு தெரியல என்றான். அதைச் சொன்னபோது கம்மல் போய்ப் பிரியம் வந்திருந்தது.

இதற்குள், வல்லி காகிதத்தில் எழுதித் தள்ளிய சைபரை மார்க்குஸ் போட்டுப் பார்த்துவிட்டார். நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அந்தக் காலத்துக் காந்தத்தில் இப்படி ஒரு அளவா, யார் அந்த ஆள், பேர் வெறும் இரண்டு எழுத்துதான் போட்டிருக்கிறது, உயிரோடு இருக்கிறாரா என்று அட்டவணையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அன்றைக்கு வாய்வரை வந்து நின்ற சொல்லை வல்லி இப்போது இறக்கி வைத்தாள். என் வீட்டுக்காரர்தான், என்றாள். உங்களுக்கு இட்லி அனுப்புகிறவர். இதோ லைனில் இருக்கிறார். மார்க்குஸ் அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் காது வரை சிவந்துபோயிற்று, இத்தனை வருஷம் அந்த மனுஷனிடம் சட்னியைத் தவிர வேறு எதையும் பேசியதில்லை என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். வாங்கி, டாக்டர் என்று ஆரம்பித்தார். அப்புறம் இரண்டு பேரும் பேசினார்கள். நெல்லையப்பன் பேசுவது துண்டு துண்டாக வல்லிக்கும் கேட்டது, எத்தனை நேரம் சுற்ற விட்டீர்கள், காந்தம் நகர்ந்ததா, அன்றைக்கு என் தகடு வேறு, அதில் மேல்படி அணுக்கள்தான் அதிகம் பிறந்திருக்கும் என்று. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற நிதானம் இல்லை அதில், மூச்சுவிடாமல், குறுக்கே விழுந்து, ஒருத்தர் வார்த்தையை ஒருத்தர் பிடுங்கிக்கொண்டு பேசுகிற பேச்சு. அந்தக் குரலைத்தான் அவள் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். அதைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாள்.

போன் திரும்ப அவளிடம் வந்தபோது அவன் மறுபடியும் பழைய ஆளாகியிருந்தான். சொதி ஆறுது, கிளம்பி வா, அந்தப் பெரிய மனுஷனையும் கூட்டிக்கிட்டு வா, அவருக்கு இன்னும் கேக்கதுக்கு நெறைய இருக்காம் என்றான். சரி என்றாள். வைக்கப் போனவன், தினமும் கேட்கிறதைக் கேட்டான்.

"மாத்திரை போட்டியா?"

போட்டாச்சு என்பது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும். திரையில் அந்தச் சின்னக் கூட்டம் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

"இல்லப்பா" என்றாள். "போடல. காலையில பொய் சொன்னேன். இன்னைக்கு மட்டுமில்ல."

"தெரியும்லா" என்றான். "கோட்டுப் பையில வச்சிருக்கேன். எப்பவும் அங்கதான வைக்கேன். வயிறு காலியாத்தான இருக்கும், இப்பவே போடு."

அவள் எழுந்து போய், கதவோரம் மாட்டியிருந்த கோட்டின் பைக்குள் கையை விட்டாள். கையுறைக்கு அடியில், சின்னக் காகிதத்தில் மடித்து, இருந்தது.